தில்லையம்பலம் வாழைக்குலைக்குச் செம்பு சொன்ன கதை

விவசாயப் போதனாசிரியர் தில்லையம்பலத்துக்கு வாழ்க்கையில் ஒரேயொரு குறைதான். அவர் சொல்வதை ஒருத்தரும் முழுசாகக் கேட்பதில்லை. சாவகச்சேரியில் பிறந்து, மாத்தளைக்கு மாற்றலாகி வந்து இருபத்துமூன்று வருடம். உரம், பூச்சி, மிளகுக்கொடி என்று பேசிப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அவர் வாயைத் திறந்தால் மனைவி தவமணிதேவியே வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். அதற்காக மனிதர் பிழையைப் பொறுப்பாரா? கல்யாணப் பந்தியில்கூட, வாழை மரமில்லை, அது பூண்டு வகைச் செடி என்று திருத்திப் பக்கத்து இலைக்காரரின் பாயசத்தை ஆறவிடுகிற ஆள்.

2007இல் மாத்தளைக்குப் பக்கத்து யட்டவத்தையில் வாழைப்பழ வியாபாரிகளுக்கு ஒரு வகுப்பு வைத்தார். அறையை அடைத்து, தேங்காய் மட்டையால் புகை போட்டுக் குலை பழுக்க வைக்கிறவர்கள் அவர்கள். தாம் புதிதாகப் படித்த சங்கதியை ஆசையோடு அவிழ்த்தார்.

"நீங்கள் போடுற புகைக்குள்ளை ஒரு வாயு இருக்கு. அதுதான் காயிட்டைப் பழுக்கச் சொல்லுது. அதைக் கேக்கிறதுக்குக் காய்க்குள்ளை காது மாதிரி ஒண்டு இருக்கு. அந்தக் காதுக்குள்ளை ஒரு பொட்டுச் செம்பு இல்லையெண்டால் காய் செவிடு. விளங்குதோ?"

இந்த இடத்தில் தேத்தண்ணீர் வந்தது, கூடவே சுடச்சுடப் பருப்பு வடை. கூட்டம் எழுந்துவிட்டது. அந்தச் செம்பை வாழையே வேரால் எடுத்துக்கொள்ளும், அதைச் சுமந்துபோய்க் காதுக்குள் பொருத்தவென்றே உயிரணுவுக்குள் ஒரு புரதம் இருக்கிறது, வெளியில் நாம் வைக்கிற செம்பால் ஒரு பிரயோசனமும் இல்லை என்ற மீதிப் பாதியை அவர் காலிக் கதிரைகளுக்குச் சொன்னார்.

வியாபாரி புஹாரி வடைக்கு முந்திய பாதியைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனார். குலைத் தண்டுகளில் செம்புக் கம்பியைச் சுற்றினார், வழக்கம்போல் புகையும் போட்டார். பழுத்தது. பழுக்காமல் என்ன செய்யும்? ஆனால் பெயர் கம்பிக்குப் போயிற்று. ஒரே மாதத்தில் தம்புள்ளைச் சந்தை வரைக்கும் தில்லையம்பலம் 'செம்பு மாஸ்டர்' ஆகிவிட்டார். கண்டவர்கள் கும்பிட்டார்கள். அவர் நின்று திருத்தத் தொடங்குவதற்குள் பஸ் ஏறிவிட்டார்கள்.

அப்புறந்தான் வந்தது வினை. தம்புள்ளை வீதியில் ஒரு சோதனைச் சாவடியில், புஹாரியின் லொறிக்குள், குலைகளுக்கு அடியில் ஒரு சுருள் செம்புக் கம்பி அகப்பட்டது. போர் நடந்து, அங்கங்கே குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம்; கம்பியைக் கண்டால் குண்டுக்கென்றே நினைப்பார்கள். கம்பி எதற்கென்று கேட்டதற்கு, "பழுக்க வைக்க" என்றார் பாவி மனுஷன். யார் சொன்னது என்றதற்குத் தில்லையம்பலத்தின் பெயரைச் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பெயர். வேறென்ன வேண்டும்?

மறுநாள் காலை பொலிஸ் பொறுப்பதிகாரியின் மேசைக்கு முன் தில்லையம்பலம் உட்கார்ந்திருந்தார். காவல் கூட்டுக்குள் புஹாரி, இடுப்புச் சாரத்தை இறுக்கிப் பிடித்தபடி. பயத்தில் வாயு, காது, செம்பு, சுமக்கிற புரதம் எல்லாம் சிங்களத்தில் வரிசையாக வந்தன. அதிகாரி ஒரு சொல் விடாமல் எழுதினார். விளங்காத இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்டார். இரண்டு மணி நேரம் ஒருவரும் எழுந்து போகவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தப் பயத்திலும் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

கடைசியில் அதிகாரி பேனையை வைத்தார். "அப்படியென்றால் வெளியில் சுற்றுகிற கம்பியால் பழுக்காது?"

பழுக்காது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பழுக்காதென்றால் இவன் சொல்வது பொய். கம்பி வேறெதற்கோ. கொழும்புக்கு அனுப்ப வேண்டியதுதான்."

அப்படிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று அந்த நாட்களில் யாராலும் சொல்ல முடியாது. "மாஸ்டர், நீங்கதானே சொன்னீங்க?" என்றார் புஹாரி.

தில்லையம்பலம் அதிகாரி பக்கம் திரும்பினார். "பழுக்கும். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

அதை வாக்குமூலமாக எழுதி நீட்டினார்கள். பதவிப் பெயரோடு கையெழுத்துப் போட்டார். அவர் சொல்லி அரசாங்கப் பதிவில் ஏறிய ஒரே விஞ்ஞானம் அதுதான், அதுவும் பொய்.

புஹாரியைத் திறந்துவிட்டார்கள். கம்பிச் சுருள் மட்டும் மேசையிலேயே இருந்தது. தில்லையம்பலம் வாசலுக்கு வந்தபோது அதிகாரி பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மாஸ்டர், என் குவார்ட்டர்ஸிலும் ஒரு குலை பத்து நாளாகப் பழுக்காமல் கிடக்கிறது. எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும்?"

தில்லையம்பலம் புஹாரியைப் பார்த்தார். அவர் இன்னும் பொலிஸ் நிலையத்துக் கேற்றைத் தாண்டவில்லை.

"மூன்று," என்றார். "நெருக்கமாக."