சம்மனசின் கையில் இருநூற்றுப் பதினான்கு

எங்கள் வீட்டில் இயேசுவின் பாடுபட்ட சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு தோல் உறை ஆணியில் தொங்கும். ஆண்டுதோறும் கோயிலில் தரும் குருத்தோலையை அதில்தான் செருகி வைப்போம். அப்பாவின் தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பயனெட்டின் உறை அது. பயனெட் என்றால் துப்பாக்கி முனையில் மாட்டும் நீளக் கத்தி, பார்வைக்கு வாள்தான். கத்தி எங்கே போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. உறையின் இரும்பு வாயில் 214 என்று எண் குத்தியிருக்கும். கத்தியின் பிடியிலும் அதே எண்தான் இருந்திருக்கும்.

இந்த வெற்று உறைதான் என்னைப் பைத்தியமாக்கியது. பதினோரு வருஷமாகப் பழைய பயனெட் சேர்க்கிறேன். நான்கு இருக்கின்றன. ஒன்று பென்னாகரத்துக் காயலான் கடையில் கிடைத்தது. இன்னொன்றை வைத்துப் பாலக்கோடு தக்காளி மண்டியில் ஒருவர் சாக்கு கிழித்துக்கொண்டிருந்தார். புதுக் கத்தி கொடுத்து மாற்றிக்கொண்டேன். வாங்கியதும் முதலில் பார்ப்பது பிடியின் தலையில் உள்ள எண்ணைத்தான். எண்ணெய்த் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வேன். உப்புத்தாள் போட்டால் முத்திரையெல்லாம் போய்விடும், அப்புறம் அது வெறும் இரும்பு.

நான் லைன்மேன். ஊர்க் கோயில் திருவிழாவுக்குச் சீரியல் விளக்கு கட்டும் வேலை என் தலையில்தான் விழும். போன வருஷம் ஏணியில் ஏறி, வானதூதரான மிக்கேல் சம்மனசு சுரூபத்தின் வாள் ஓங்கிய கைக்கு நேராக நின்றேன். வாளின் குறுக்குக் கம்பியில் ஒரு வளையம் இருந்தது. துப்பாக்கிக் குழல் நுழைகிற வளையம். சம்மனசுக்கு எதற்குத் துப்பாக்கி? பிடியின் தலையைக் கட்டை விரலால் துடைத்தேன். 214.

சின்ன வயதிலிருந்து அதற்குக் கீழேதான் முட்டி போட்டிருக்கிறேன். போட்டோ எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

அப்பாவின் தாத்தா போரிலிருந்து உயிரோடு திரும்பி வந்ததற்கு நேர்ச்சையாகக் கொடுத்திருப்பார். அதை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது? அங்கேயே இருக்கட்டும், அப்படியே இருந்தால் போதும் என்று நினைத்தேன். அதனால் விழாக் குழுத் தலைவரிடம் இவ்வளவுதான் சொன்னேன்: "அண்ணே, அந்த வாளு ரொம்பப் பழசுங்க. விலை மதிப்பில்லாததுங்க. நல்லாப் பாத்துக்கணும்."

என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

அடுத்த வாரம் கொடியேற்றத்தன்று கோயிலுக்குள் நுழைந்ததும் சம்மனசின் கை பளபளவென்று மின்னியது. தலைவர் ஓடிவந்தார்.

"நீங்க சொன்னதுக்கப்புறந்தாங்க அதோட அருமை தெரிஞ்சுது. ஓசூர்ல குடுத்து, நல்லாத் தேய்ச்சு நிக்கல் பாலிஷ் போட்டாந்துட்டோம். எப்படிங்க இருக்குது?"

"பிடியில மரம் இருந்துச்சுங்களே?"

"அது மக்கிப்போச்சுங்க. பட்டறையிலயே போட்டுட்டு வந்துட்டோம். பித்தளை போட்டிருக்குது பாருங்க."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "நல்லா இருக்குதுங்க" என்றேன்.

திருவிழா முடிந்து சீரியல் விளக்கைக் கழற்றப் போனபோது, உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏறினேன். தலைவர் கீழே ஏணியைப் பிடித்திருந்தார். எண் இருந்த இடத்தில் என் மூக்குதான் தெரிந்தது. உறையை எடுத்து மேலிருந்து வாளில் மாட்டினேன். தடையே இல்லாமல் இறங்கிக் கடைசியில் டக்கென்று உட்கார்ந்தது. என் நான்கு கத்தியில் ஒன்றுகூட அந்த உறையில் இப்படி உட்கார்ந்ததில்லை.

"மேல என்னங்க பண்றீங்க?"

"எங்கூட்ல ஒரு பழைய உறை இருக்குதுங்க. சும்மா அளவு பாக்கறேன்."

"பொருந்துதுங்களா? பொருந்துச்சுன்னா குடுத்துடுங்க, அதையும் பாலிஷ் போட்டு மாட்டிடலாம்!"

சம்மனசின் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. உறையை மெல்ல உருவிச் சட்டைக்குள் செருகினேன்.

"பொருந்தலைங்க" என்றேன்.