ரோல்ஸ் டின்னும் காண்டாமிருகமும்

இல்ஃபோர்டில் ஒரு பயண முகவர் நிலையத்தில் குழுத் தலைவியாக நான் ஏற்ற முதற் பொறுப்பு, இலண்டன் தமிழர் அறுவரை நைரோபிக்கு அழைத்துச் சென்று ஒருநாள் சஃபாரி காட்டுவது. சுற்றுச்சூழலியலில் பட்டம் பெற்றவள் என்பதால், மூன்று பக்கத்துக்கு விதிமுறைகள் எழுதியிருந்தேன். முதலாளி சிவம் அண்ணை வாசித்தார்.

“வடிவா எழுதியிருக்கிறாய், பிள்ளை. எங்கட சனம் என்ன சாப்பாடு கொண்டு வருதெண்டு கேட்டனியோ?”

கேட்கவில்லை.

குழுவில் ரெஜினா ரீச்சர் இருந்தார். ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுப்பவர். பல ஆண்டுகளாகக் காண்டாமிருகத்தைப் படத்தில் காட்டிக் கற்பித்தவரிடம் ஒரு சிறுமி, “மிஸ், ஹாவ் யூ சீன் வன்? நேரில பார்த்திருக்கிறீங்களோ?” என்று கேட்டுவிட்டாள். “பார்த்திட்டு வந்து சொல்லுறன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டே அவர் விமானம் ஏறியிருந்தார்.

நைரோபி வனவிலங்குப் பூங்காவில் நண்பகல்வரை காண்டாமிருகம் தென்படவில்லை. கூரையை உயர்த்திய வான் வண்டியை நீர்நிலையோரம் நிறுத்தினோம். ரீச்சர் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். ஹீத்ரோவுக்குப் புறப்படுமுன் பொரித்த மரக்கறி ரோல்ஸ். எங்கள் வழக்கப்படி முதல் ரோல் ஓட்டுநருக்கு. ஓட்டுநர் ஜோசப் கையை நீட்டவும், கூரைமேல் ‘தொம்’ என்றொரு பபூன் குரங்கு குதிக்கவும் சரியாக இருந்தது.

“மூடுங்கள்!” என்று ஆங்கிலத்தில் பதறினார் ஜோசப். “ஒரு துண்டு அதன் கைக்குப் போனாலும் காவலர்கள் நம்மை வெளியேற்றுவார்கள். ருசி கண்டால் அது நாளை மனிதரைக் கடிக்கும். பிறகு அதைச் சுட்டுவிடுவார்கள்.”

ரீச்சர் மூடியை அழுத்தி, டின்னை இருக்கையில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். கூரை இடைவெளியால் தலையை நீட்டிய பபூன் அவரையே உற்றுப் பார்த்தது.

“என்னடா முழுசிறாய்? வகுப்புக்குப் பிந்தித்தானே வந்தனி!”

சிரிப்பு அடங்குமுன் ஜோசப் விரலை நீட்டினார். புதருக்கு அப்பால் ஒரு காண்டாமிருகம், பக்கத்தில் அதன் கன்று. எல்லோரும் எழுந்தார்கள், ரீச்சரைத் தவிர. கூரையை இறக்கினால் சத்தத்துக்குக் காண்டாமிருகம் ஓடிவிடும். டின்னை விட்டு எழுந்தால் பபூன் உள்ளே பாயும்.

“நீங்கள் அதைப் பாருங்கோ, நான் இவனைப் பார்க்கிறன்” என்றார் ரீச்சர்.

என் மூன்று பக்கத்தில் இதற்கு விதி இல்லை. ஒரு குரங்கின் உயிரையும், ஹரோவில் காத்திருக்கும் ஒரு கேள்வியையும் எண்ணிப் பார்த்தேன்.

“எழும்புங்கோ ரீச்சர். இனி என்ர ஷிப்ட்.”

அவர் எழ, நான் அமர்ந்தேன். அந்த இரண்டு நிமிடங்களில் நான் கண்டவை, கோபமான ஒரு பபூனும், நுனிக்காலில் உயர்ந்து நின்ற ரீச்சரின் குதிகால்களும்தான்.

சப்பளிந்த ரோல்ஸைப் பூங்காவின் வாயிலுக்கு வெளியே சாப்பிட்டோம். இப்போது என் விதிமுறை ஒரே பக்கம். அதன் முதல் வரி ஒரு கேள்வி: “என்ன சாப்பாடு கொண்டு வாறியள்?” மனிதரின் வழக்கத்தை அறியாமல் அவர்களுக்கு விதி எழுதக்கூடாது என்பதை அந்த டின்மேல் அமர்ந்தே கற்றேன்.

திரும்பியதும் சிவம் அண்ணை கேட்டார்: “காண்டாமிருகம் எப்பிடி, பிள்ளை?”

“ரீச்சரிட்டைக் கேளுங்கோ, அண்ணை.”