மல்லிகாவின் இடது கை

என் அக்கா மகள் மல்லிகாவுக்கு இரண்டு வயதிலேயே ஓர் அநியாயம் நடந்தது. இடது கையால் சாப்பிட்டாள் என்பதற்காக, அந்தக் கையைத் துணியால் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்தார்கள்.

நான் அப்போது பி.ஏ. மாணவி. கோடை விடுமுறையில் ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டில் சித்தி உத்தியோகம். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது; பழி மட்டும் நேரத்துக்கு வந்துவிடும். இந்த உத்தியோகம் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

நானே!

இரண்டு வயதுக்கு ஒரே மந்திரம், ‘நானே’. செருப்பு நானே, சொம்பு நானே, கதவுத் தாழ்ப்பாளும் நானே. இட்லியை ஊட்டப் போனால் தட்டைப் பிடுங்கிக்கொள்வாள். பாதி வாயில், பாதி தலைமுடியில். எல்லாம் இடது கைதான். வலது கை சும்மா மடியில் கிடக்கும்.

அத்தான் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினார். முரடர் அல்ல, வலிக்கிறதா என்று மகளைக் கேட்டுக் கேட்டுத்தான் கட்டினார். எனக்கு அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது. “கண்ணிலே வலது இடது பார்க்கிறீங்களா அத்தான்? கையிலே மட்டும் என்ன?” என்றேன்.

“நீ நல்லாத்தான் பேசுறே. நாளைக்குக் கல்யாணப் பந்தியிலே இவ இடது கையை இலையிலே வச்சா, ஊரு உன்னையா கேட்கும்?”

முதல் டிரிப்

ஒருநாள் காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன். தெரு திரும்பியதும் துணியை அவிழ்த்துக் கைப்பைக்குள் போட்டேன். பஸ்ஸில் சில்லறையை ‘நானே’ கொடுப்பேன் என்று இடது கையை நீட்டினாள். கண்டக்டர் வாங்கவில்லை. முதல் டிரிப்பாம், வலது கையால் கொடுக்க வேண்டுமாம்.

விடுவேனா? “டிக்கெட் கட்டை நீங்க எந்தக் கையிலே பிடிச்சிருக்கீங்க?” என்றேன். பஸ்ஸே சிரித்தது. காவேரிப் பாலம் முடியும்வரை நான் நிறுத்தவில்லை.

“சரிம்மா, நீங்க ஜெயிச்சிட்டீங்க. பிள்ளையைப் பாருங்க, அப்பலேருந்து அழுவுது” என்றார் கண்டக்டர்.

இரு தரப்பு வாதம்

வீட்டில் தினமும் இதே வழக்குதான். அத்தான் கட்டுவார், நான் அவிழ்ப்பேன், இருவரும் கூடத்தில் நின்று கத்துவோம். நடுவில் மல்லிகா, வாயில் விரலோடு.

அக்கா டெலிபோன் ஆபீசிலிருந்து களைத்து வருவாள். எதுவும் பேச மாட்டாள். ஒருநாள் மட்டும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னாள்:

“உன் நியாயமெல்லாம் சரிதான்டி. ஆனா நீங்க ரெண்டு பேரும் கத்துறப்போ அவ தன் கையையே பார்க்கிறா.”

அதைக் காதில் வாங்கிக்கொள்ள எனக்கு அப்போது நேரமில்லை. அடுத்த நாளைக்கு வாதம் தயார் செய்துகொண்டிருந்தேன்.

தெப்பக்குளம் டாக்டர்

மல்லிகா சரியாகச் சாப்பிடுவதில்லை, கன்னம் வற்றிவிட்டது என்று அத்தானே பயந்து போனார். விடாமல் அவரைத் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனேன். டாக்டர் குழந்தையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார்.

“உங்க வலது கையைக் கட்டிக்கிட்டு ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்க சார். அப்புறம் வந்து சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்ததும் அத்தானே முடிச்சை அவிழ்த்து, துணியை அடுப்பில் போட்டார்.

தீர்ப்புக்குப் பிறகு

அன்று மத்தியானம் நானே இட்லி வார்த்தேன். தட்டை வைத்து, “எந்தக் கையாலே வேணும்னாலும் சாப்பிடுடி தங்கம்” என்றேன், அத்தான் காதில் விழும்படி. அவள் தட்டைத் தொடவில்லை. இடது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “நானேன்னு சொல்லு பார்க்கலாம்” என்று கெஞ்சினேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து தெப்பக்குளம்வரை எல்லாரிடமும் வாதாடி ஜெயித்துவிட்டேன். மல்லிகாவிடம் மட்டும் அதுவரை யாரும் இதைப் பேசவே இல்லை. அவள் வாயை மட்டும் திறந்து காட்டினாள்.

“இந்தக் கை தப்பு. சித்தி ஊட்டு.”