கொழுந்து என்றால் தேயிலை மட்டுமா?

அண்மையில் கேகாலையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியவர் சந்திரமோகன், கடைவீதியில் துணிக்கடை நடத்துபவர், அங்குள்ள புகைப்படக் கழகத்தின் செயலாளர். கண்காட்சிக்கு என்னிடம் ஒரு படம் கேட்டிருந்தார். அனுப்பியிருந்தேன். வில்லங்கம் அதில்தான்.

"டீச்சர், 'கொழுந்து'ன்னு தலைப்புப் போட்டிருந்தீங்க. அத மட்டும் பார்த்துட்டு தேயிலைச் சுவர்ல எடம் ஒதுக்கிட்டேன். இப்ப தொறந்து பார்த்தா... மீன் தொட்டி."

"மீன் இல்லீங்க, பவளம். மீன் அதுவா வந்து நுழைஞ்சது."



விஷயம் இதுதான். பலாங்கொடைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறையில் ஓர் உப்புநீர்த் தொட்டி இருக்கிறது. அதில் இரண்டு கோமாளி மீன்கள். வேறொருவரின் தொட்டியில் வளர்ந்து, துண்டாக வந்து சேர்ந்த சில மென்பவளங்கள். தோட்டத்துக்காரிக்குக் கடல் எதற்கு என்று கேட்காதவர் குறைவு. கொழும்பில் இப்படித் தொட்டி வைப்பவர்கள் நீரைக் குளிர வைக்கத் தனியாக ஒரு மெஷின் பூட்டுகிறார்கள். எங்களுக்கு அந்த வேலையை மலைக்காற்றே பார்த்துவிடுகிறது. அப்படியானால் தொட்டி எங்கே இருப்பது நியாயம்?

படம் எடுப்பது பொறுமையின் வேலை. கண்ணாடியைத் துடைக்க வேண்டும். பம்பை நிறுத்தி நீர் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அறை விளக்கை அணைக்காவிட்டால் பவளத்துக்கு நடுவே என் முகம்தான் விழும். கேமராவைக் கண்ணாடிக்கு நேராகப் பிடிக்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் படம் கலங்கிவிடும். தொட்டியின் நீல வெளிச்சத்தில் எல்லாம் நீலமாகவே தெரியும் என்பதால் லென்ஸுக்கு முன் ஒரு செம்மஞ்சள் ஃபில்டர். எல்லாம் சரியாக அமைந்த கணத்தில் மீன் வாலைக் காட்டித் திரும்பிக்கொள்ளும்...

சில மாதங்களுக்கு முன் விரல்போலக் கிளைத்த ஒரு பவளம் நுனியிலிருந்து கருகத் தொடங்கியது. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, கருகிய பகுதியைப் பிளேடால் வெட்டி எடுத்தேன். வெறும் கட்டை மிஞ்சியது. பல வாரங்கள் அதைப் பார்க்கவே மனம் வரவில்லை. பிறகு ஒரு நாள், மலையில் கொழுந்தெடுக்கும் என் நாத்தனார் புவனா தேநீர்க் கோப்பையோடு தொட்டியருகே நின்றாள்.

"அண்ணி, கவ்வாத்து வெட்டுன எடத்துல கொழுந்து வந்திருச்சே."

வெட்டிய கட்டையின் ஓரத்தில் இளம்பச்சையாக ஒரு நுனி. தேயிலைச் செடியைத் தறிப்பதை நாங்கள் கவ்வாத்து என்போம். அதன்பின் துளிர்ப்பது கொழுந்து. அந்த நுனியைத்தான் படமெடுத்து அனுப்பினேன். அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த அகராதியில் கிடைக்கும்?

சந்திரமோகனுக்கு இதையெல்லாம் சொன்னேன். அவர் மசியவில்லை.

"தலைப்ப மட்டும் மாத்திக்குவோமே. 'ஆழ்கடல் அதிசயம்'. எப்புடி?"

"என் தொட்டியோட ஆழம் ரெண்டடி தாங்க."

"சிங்களத்துலயும் போடணுமே டீச்சர். 'தளு'ன்னு எழுதுனா ஜனங்க சிரிப்பாங்க." தேயிலைக் கொழுந்துக்குச் சிங்களத்தில் அதுதான் சொல்.

"சிரிக்கட்டும்."

"இல்லாட்டி ஒன்னு பண்ணுங்க. கொழுந்தெடுக்குற பொம்பளைங்க படம் ஒன்னு அனுப்பிருங்க. ஒங்க வாசல்ல நின்னாலே கெடைக்குமே."

அதுவரை விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எங்களைப் படம் பிடித்தவர்களுக்குக் கணக்கே இல்லை. கூடை, முக்காடு, சிரிப்பு — நாட்காட்டியிலும் தேயிலைப் பெட்டியிலும் நாங்கள் சிரித்துக்கொண்டே இருக்கிறோம். நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று யாராவது கேட்டதுண்டா? தோட்டத்துப் பெண் ஒருத்தி கேமராவைக் கையில் எடுத்தாலும், அவள் இன்னொரு தோட்டத்துப் பெண்ணின் கூடையைத்தான் எடுக்க வேண்டுமா?

"சந்திரமோகன், அந்தத் தலைப்போட அந்தப் படம் வரும். இல்லேன்னா என் படமே வேணாம்" என்றேன்.

"பிடிவாதம் புடிக்கிறீங்களே டீச்சர்."

"ஆமாங்க."

பெருமூச்சு கேட்டது. "சரி. ஆனா கடல் படங்க மாட்டுற பக்கம் எடம் இல்ல. ஒதுக்குன எடத்துலயே, தேயிலைச் சுவர்லதான் மாட்டுவேன்."

தண்டனையாகத்தான் சொன்னார். எனக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது!

திறப்பு நாளன்று புவனாவையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தச் சுவர் முழுக்கக் கூடைகள். எல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள் எடுத்தவை. நடுவில் என் பவளம்; கீழே தமிழிலும் சிங்களத்திலும் கொழுந்து.

"நம்மாளுங்க மூஞ்சி இல்லாத படம் இது ஒன்னுதான், அண்ணி" என்றாள் புவனா.

"நம்மாளு எடுத்த படமும் இது ஒன்னுதான்."

ஒரு சிங்கள அம்மா வந்து நின்றார். தலைப்பைப் படித்தார், எதிர்பார்த்தபடியே சிரித்தார். பிறகு வெட்டிய கட்டையையும் அதன் ஓரத்துப் பச்சையையும் பார்த்துவிட்டு, "ஆ, தளு தமாய்" என்றார். கொழுந்தேதான் என்று பொருள். இது எந்தக் கடலில் எடுத்தது என்று என்னிடம் கேட்டார்.

"பலாங்கொட" என்றேன்.