காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது?

செவ்வாய்க்கிழமை முதல் வகுப்பு. தொண்டி பஸ்ஸில் வரும் காசிம் தாமதமாக வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். "மிஸ், ரஹ்மத் மிஸ் மவுத்தாயிட்டாங்க. நேத்து சாயந்தரமே அடக்கிட்டாங்க." கையிலிருந்த சாக்குக்கட்டியை மேசையில் வைத்தேன். முகம் பார்க்கவும் இனி வழியில்லை.

ரஹ்மத் அக்காவிடம் படித்தவர்களுக்கு அவருடைய புதன்கிழமைகள் நினைவிருக்கும். கட்டுரை வகுப்பை மதியம் கடற்கரைக்கு அழைத்துப் போவார். மணலில் நின்று பழைய நெய்தல் பாட்டு ஒன்றை வாசிப்பார். பாட்டில் வருகிற அடும்பங்கொடி மாணவர்களின் காலடியிலேயே படர்ந்து கிடக்கும். "மிதிச்சிக்கிட்டு நிக்கிறீகளே, குனிஞ்சு பாருங்கப்பா" என்பார். பிறகு ஒரு மணி நேரம் யாரும் பேசக் கூடாது. பார்த்ததை எழுத வேண்டும்.

இதே காசிம் ஒருமுறை, மலை போன்ற அலைகள் ஆர்ப்பரித்தன என்று எழுதியிருந்தான்.

"ஏலே, நம்மூருக் கடல் என்னைக்குலே ஆர்ப்பரிச்சுச்சு? கணுக்கால நனைக்கவே சோம்பல் படுமே!"

"புஸ்தகத்துல அப்படித்தான் மிஸ் இருக்கு."

"அப்ப உங்க வாப்பாவ அந்தப் புஸ்தகத்துலயே போயி வலை போடச் சொல்லு."

வகுப்பே சிரித்தது. காசிமும் சிரித்தான்.

ஆசிரியர் அறையில் பெண்கள் நாங்கள் இருவர்தான். எங்கள் ஊரில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நாலு பேர் நடுவில் பேச எனக்கு நா எழாது. அதைத் தெரிந்துகொண்டு, என் பங்குக்கும் அவரே பேசிவிடுவார். ஆனி மாதம் உடம்பு முடியாமல் அவர் விடுப்பில் போனபின், சன்னலோரம் இருந்த அவருடைய நாற்காலியைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டேன்.

கட்டுரை வகுப்பு என்னிடம் வந்தது. முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாக நடக்க எனக்குத் தைரியமில்லை. 'கடற்கரைக் காட்சி' என்று கரும்பலகையில் ஒரு கட்டுரை எழுதிப்போட்டு, பார்த்து எழுதச் சொன்னேன். அவருக்கு அனுப்பிய அஞ்சலட்டையில் மட்டும், கரைக்குப் போய்வந்தோம், கடற்காற்று இதமாக இருந்தது என்று எழுதினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தொண்டிக்குப் போய் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். அறைச் சன்னல் மூடியிருந்தது.

"காத்து இதமா இருந்துச்சுன்னு எழுதியிருந்தியே, எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

"கடல் பக்கமிருந்துதான் அக்கா."

இருமல் வரும்வரை சிரித்தார். "ஆடி மாசத்துல கச்சான் காத்து தரையிலேருந்துல்ல கடலுக்கு அடிக்கும்! மண்ண அள்ளி எறியுதுன்னு இந்தச் சன்னலத் தொறந்து மூணு வாரமாச்சு."

நான் தலை குனிந்துகொண்டேன்.

"அழுவாதே. இந்தப் புதன்கிழமை போ. பாத்தத எழுதி எடுத்துட்டு வா."

"எனக்குப் பேச வரலையேக்கா."

"நீ எதுக்குப் பேசணும்? நின்னு பாரு. புள்ளைகளும் பாக்கும்."

அந்தப் புதன்கிழமைக்கு முன்பே அவர் போய்விட்டார்.

ஆனாலும் மறுநாள் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைத்தெருவில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்து நடந்தேன். கரையில் முதுகில் மணல் வந்து அறைந்தது. என் சேலைத் தலைப்பு கடலைப் பார்த்துப் பறந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. காசிம்தான் முதலில் நோட்டைத் திறந்தான். பிறகு எல்லோரும் எழுதினார்கள். ஒரு மணி நேரம் தாள்கள் படபடக்கும் சத்தம் மட்டுந்தான்.

நானும் ஒரு பக்கம் எழுதினேன். தாளின் மடிப்பில் இன்னும் மணல் இருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அவர் கேட்ட அந்தக் கேள்வியும், அவர் வாசிக்காத இந்தப் பக்கமும்தான். அதன் முதல் வரி: கச்சான், தரையிலிருந்து, அக்கா.