அப்பா செம்மண் கட்டின சோயா

ஈரச் செம்மண் வாசம்... வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லாத சித்திரை வெயில்ல, திருப்பரங்குன்றத்துல எங்க வாடகை வீட்டு மொட்டைமாடி முழுக்க அந்த வாசம்தான். சோயாபீன்ஸ்னாலே எனக்கு இன்னைக்கும் அதுதான் மூக்குல வரும்.

சிரிக்காதீங்க, சொல்றேன்.

அப்ப நான் ப்ளஸ் டூ முடிச்சிருந்தேன். அம்மாவுக்கு வயித்துல பெரிய ஆபரேஷன் பண்ணி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து மூணு வாரம். ரெண்டு வாய் கஞ்சிக்கு மேல உள்ள இறங்கல. கறி, முட்டை வாசமே ஆகல. ஆளு பாதியாயிருச்சு. "இப்படியே போனா கஷ்டம். உடம்புல புரோட்டீனே இல்ல, சோயாவாவது அவிச்சுக் குடுத்துப் பாருங்க"ன்னு டாக்டர் அப்பாகிட்ட சொல்லிட்டாரு.

அப்பா பஸ் டிரைவர். தண்ணி குடிக்க மட்டும் அடுப்படிக்குள்ள வர்ற ஆளு. நேரா மதுரை கீழமாசி வீதி பலசரக்குக் கடைக்குக் கிளம்பிட்டாரு, நானும் கூடப் போனேன்.

"எம்புட்டுண்ணே வேணும்?"னாரு கடைக்காரர்.

"பத்து கிலோ போடுங்க."

"விசேஷ வீடாண்ணே?"

"இல்லண்ணே... வீட்ல ஒரு ஆளுக்குத்தான். ஒரு வருஷத்துக்கு."

எனக்குக் கடுப்பு. அரைக்கிலோ வாங்கி, அம்மா வாயில வைக்குதான்னு முதல்ல பாத்திருக்கலாம்ல?

அப்பாவுக்குச் சொந்த ஊரு பேரையூர் பக்கம். அங்க வருஷத்துக்கு வேண்டிய துவரைக்குச் செம்மண்ணைக் குழைச்சுப் பூசி, ஒரு பொழுது மூடி வச்சு, அப்புறம் காயவச்சுத்தான் எடுத்து வைப்பாங்க. வண்டு அண்டாது. அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரே ஸ்டோரேஜ் டெக்னிக் அதுதான். மறுநாள் காலையில மொட்டைமாடியில செம்மண் சலிச்சு, தண்ணி விட்டுக் குழைச்சு, பத்து கிலோவையும் அதுல புரட்டி, சாக்கு போட்டு மூடிட்டு டூட்டிக்குப் போயிட்டாரு.

சாயங்காலம் வந்து சாக்கைத் தூக்கினா... ஒவ்வொண்ணும் ரெண்டு மடங்கா ஊதி, தோலு கழண்டு, சேத்தோட சேறாக் கிடக்கு. சோயா அம்புட்டுத் தண்ணி குடிக்கும்னு அவரு என்னத்தக் கண்டாரு. யூனிஃபார்மோட அப்படியே உக்காந்துட்டாரு. அழுதுருவாரோன்னு எனக்குப் பயமாயிருச்சு.

கீழ ஓடிப்போய் அம்மாகிட்ட சொன்னேன். அம்மா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, படிக்குப் படி நின்னு நின்னு மேல வந்துச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் மாடி ஏறினது அன்னைக்குத்தான்.

"துவரைக்குக் கட்டுற மாதிரிதான் கலா கட்டுனேன்..."

"இது துவரையாங்க?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. தையல் வலிக்குதுன்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டே சிரிச்சுச்சு. "சரி, எந்திரிங்க. கழுவி இன்னைக்கே அவிச்சிருவோம், நாளைக்குத் தாங்காது."

வாளி வாளியாத் தண்ணி இறைச்சும் செம்மண் போயி முடியல. அன்னைக்கு எங்க தெருவுல அத்தனை வீட்லயும் சோயா சுண்டல்தான். அம்மா ஒரு கிண்ணம் முழுசாச் சாப்பிட்டுச்சு. "மண்ணு கடிக்குதுங்க"ன்னு சொல்லிக்கிட்டே இன்னொரு கரண்டி வாங்கிக்கிச்சு. அப்பா அந்தப் பக்கம் திரும்பி துண்டால மூஞ்சியைத் துடைச்சாரு.

அடுத்த வாரமே மறுபடியும் பத்து கிலோ வாங்கிட்டு வந்துட்டாரு. இந்தத் தடவை அம்மா அவரைக் கிட்டயே விடல. தானே ஒரு வெயில் காட்டி, மிளகா வத்தலும் காஞ்ச வேப்பிலையும் போட்டு தகர டின்ல அடைச்சு வச்சுச்சு. டின் காலியாகும்போது அம்மா குடத்தை இடுப்புல வச்சு நடந்துச்சு.

எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சது. அம்மா இன்னும் ஒரு வருஷம் இருக்குமான்னு எங்க வீட்ல யாரும் வாய்விட்டுக் கேக்கல. இருக்கும்னு அப்பா பத்து கிலோவா வாங்கிப் போட்டிருக்காரு.

இப்ப என் வீட்ல அரைக்கிலோ ஜிப்லாக் பாக்கெட்தான். ஃபிரிட்ஜ்ல கிடக்கும். தீந்தா ஆப்ல போட்டா பத்து நிமிஷத்துல வாசல்ல நிக்கும். செம்மண்ணும் இல்ல, வேப்பிலையும் இல்ல.

போன மாசம் அப்பாவுக்கு ஹார்ட் ஆபரேஷன். வீட்டுக்கு வந்தும் தட்டைத் தள்ளித் தள்ளி வைக்கிறாரு. அம்மா என்னைக் கூப்பிட்டு, சோயா வாங்கிட்டு வரச் சொல்லுச்சு.

"ஆர்டர் போட்டுர்றேன்மா. அரைக்கிலோ போதும்ல?"

அம்மா அப்பா படுத்திருந்த கட்டில் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்துச்சு.

"அஞ்சு கிலோ வாங்கு. ஒரு வருஷத்துக்கு வேணும்."

போனைப் பைக்குள்ள வச்சுட்டு கீழமாசி வீதிக்குப் பஸ் ஏறினேன். பத்து கிலோவா வாங்கிட்டு வந்தேன்.