கூலிங் பெட்டியின் பழைய நிறம்

கடலூர் செம்மண்டலத்தில் கார் ஏ.சி. வேலைக்கு ஒரு ஷெட் வைத்திருக்கிறேன். பழைய கார்களின் ஏ.சி. பாகங்களைப் புதிதாக வந்தபோது இருந்த நிறத்துக்கே கொண்டுவருவது நான் ஆசைப்பட்டுச் செய்யும் வேலை. போன சித்திரையில் சிதம்பரத்திலிருந்து ஒருவர் வந்தார். கீழ வீதியில் துணிக்கடை நடத்தி ஓய்ந்தவர்.

"ஏ.சி. நல்லாத்தான் ஓடுது தம்பி. ஆனா நடுவுல ஒருத்தரு கூலிங் பொட்டிக்குப் பளபளன்னு கறுப்பு அடிச்சுட்டாரு. வாங்கனப்ப இருந்த மாதிரி ஆக்கணும்."

"இப்பவும் பார்க்க நல்லாத்தானே இருக்குது சார்?"

மனைவிக்கு மறதி நோய் என்றார். வீடு, கடை எல்லாம் மறந்து, கடைசியில் அவரையும் மறந்துவிட்டாராம். காரில் ஏற்றினால், டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் அந்தக் கூலிங் பெட்டியைப் பார்த்துவிட்டு, 'இது நம்ம வண்டி இல்ல' என்று இறங்கிவிடுவாராம்.

"வண்டிய அடையாளம் தெரிஞ்சா என்னையும் தெரியாதான்னு ஒரு நப்பாசை."

பழைய நிறம் என்னவென்று அவருக்கும் நினைவில்லை. பெட்டியைக் கழற்றியபோது, அதைத் தாங்கும் பட்டைக்கு அடியில் நகம் அளவுக்கு முதல் பெயின்ட் மிச்சமிருந்தது. சாம்பலில் லேசாகப் பச்சை. தடவினால் மணல் மணலாக இருந்தது. புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஒரு பெயின்ட் கடையில் அதே மாதிரி கலக்கச் சொன்னேன். முதல் தடவை மினுமினுப்பு ஜாஸ்தியாகிவிட்டது. சுரண்டிவிட்டு மறுபடியும் அடித்தேன். காற்று வரும் தடுப்புகளுக்குப் புதிதாகக் குரோம் பூசினேன். போல்ட்டுகளுக்குக்கூடப் பழைய மஞ்சள் பூச்சு போட்டேன்.

காரை நானே சிதம்பரத்துக்கு ஓட்டிப்போனேன். அவர் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து முன் சீட்டில் உட்காரவைத்தார். ஏ.சி.யைப் போட்டேன். அந்த அம்மா பெட்டியையே பார்த்தார். பிறகு ஒரு விரலால் தடவினார்.

"நம்ம வண்டிதான். தெரியுதா?" என்று கணவர் குனிந்து கேட்டார்.

அந்த அம்மா தலையாட்டினார். கணவரின் முகம் மலர்ந்தது. அதற்குள் அந்த அம்மாவின் கை தானாகக் காற்றுத் தடுப்பைப் பின் சீட்டுப் பக்கம் திருப்பியது.

"புள்ளைக்குக் காத்து வரட்டும்." திரும்பிப் பார்த்தார். பின் சீட்டில் யாரும் இல்லை. "புள்ள எங்க?"

கணவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "ஸ்கூலுக்குப் போயிருக்கான்."

"அவ்ளோ காய்ச்சல்ல யாரு அனுப்புனது? டிரைவரே, போயி கூட்டியாந்துடுங்க" என்று கணவரைப் பார்த்துச் சொன்னார்.

"சரிம்மா" என்றார் அவர்.

மனைவியை உள்ளே விட்டுவிட்டு வந்து சொன்னார். ஒரே மகன், ஏழு வயது. காய்ச்சல் முற்றி இதே காரில் புதுச்சேரிக்குக் கொண்டுபோகும்போது, கடலூர் தாண்டுவதற்குள் பின் சீட்டிலேயே போய்விட்டானாம்.

"அது ஒண்ணையாவது மறந்துட்டாளேன்னு நிம்மதியா இருந்தேன் தம்பி."

என் வேலை மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. "திரும்பக் கறுப்பே அடிச்சுடட்டுமா சார்?"

குனிந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "வேணாம். இந்த வண்டியில உக்காந்தாத்தான் அவளுக்கு அவன் உசுரோட இருக்கான்."

அதன்பிறகு தினமும் சாயங்காலம் மனைவியோடு கோயிலின் நான்கு வீதிகளையும் சுற்றிவந்து, பள்ளிக்கூட வாசலில் கொஞ்ச நேரம் காரை நிறுத்துவாராம். மார்கழியில் அந்த அம்மா இறந்துவிட்டார். துக்கம் கேட்கப் போனேன்.

"கடைசி வரைக்கும் நான் டிரைவர்தான்" என்றார். "ஒருநாளு, 'உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா'ன்னு கேட்டா. ஒரு பையன் இருந்தான்மா, காய்ச்சல்ல போயிட்டான்னு சொன்னேன். என் கையப் புடிச்சுக்கிட்டு அப்படி அழுதா தம்பி. அவன் செத்தப்பகூட நாங்க சேர்ந்து அழுதது இல்ல."

அவர் எழுந்துபோய் எனக்குக் காபி கலந்துகொண்டு வந்தார்.